தன்மைப் பன்மையும் கூடைப்பந்தும்: கேன்சஸ் ரசிகர் ஒருவரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றோர் ஊர். அங்கே பிறந்த வாரத்திலிருந்து ஒரே கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு வாழ்க்கைப்பட்டுவிட்ட பெரியவர் ஒருவரை, அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்து கவனித்ததன் விளைவே இக்கட்டுரை. அணியைப் பற்றிப் பேசும்போது அவர் சொல்லும் 'வீ' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் 'நாம்' என்று பெயர்ப்பதா, 'நாங்கள்' என்று பெயர்ப்பதா என்பதே ஆய்வுச் சிக்கல். முடிவில் சிக்கல் தீர்ந்தது. ஆய்வாளர் சிக்கிக்கொண்டார்.

நன்றியுரை

இவ்வாய்வுக்கு எந்த நிறுவனமும் நல்கை வழங்கவில்லை. தலைப்பைக் கேட்டதும் நெறியாளராக இருக்க மறுத்த பேராசிரியர்களுக்கு முதல் நன்றி. அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் ஆய்வு இன்னும் முடிந்திருக்காது. நான்கு ஆண்டுகளும் வாடகையை ஏற்றாத பெரியவருக்கும், ஆய்வாளரின் வயிற்றை வாடாமல் பார்த்துக்கொண்ட அவர் துணைவியாருக்கும் அடுத்த நன்றி. கடைசி நன்றி பேஸ்மென்ட்டில் இருந்த வாஷிங் மெஷினுக்கு. அதன் பங்களிப்பு இயல் நான்கில் விளக்கப்படும்.

ஆய்வுச் சிக்கல்

ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி ஒன்று தமிழுக்கு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டால் 'நாங்கள்'. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள் இலக்கணக்காரர்கள். "நாம சாப்பிடலாமா?" என்று கேட்டால் உங்களுக்கும் இலை விழும். "நாங்க சாப்பிட்டாச்சு" என்றால் செருப்பைத் தேட வேண்டியதுதான்.

இந்தச் சொல்லின் எல்லை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வாளரின் குடும்பமே சான்று. கொள்ளுத்தாத்தா எழுதிவைத்த பத்திரத்தில் 'நம் வாரிசுகள்' என்று ஓரிடத்தில் வருகிறது. அந்த 'நம்'முக்குள் சின்னத் தாத்தா வழி வருகிறதா இல்லையா என்ற கேள்வி கோர்ட்டுக்குப் போய், ஆய்வாளர் பிறப்பதற்கு முன்பிருந்தே வாய்தாவில் நிற்கிறது. பிரதிப்பெயர் சாதாரண விஷயமில்லை என்பது இதனால் பெறப்படும்.

பெரியவர் பேசுவதோ ஆங்கிலம். அதில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'வீ'. "போன வருஷம் வீ தோற்றோம்" என்கிறார். இதில் யார் யார் அடக்கம்? களத்தில் ஓடிய ஐந்து பையன்களா, ஊரா, சோபாவில் சாய்ந்திருந்த அவரா? எதிரே கையில் தட்டோடு நின்ற ஆய்வாளரும் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விதான் இவ்வாய்வைத் தூண்டியது.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. அவரும் உடன் ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து ஆட்டம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் என்ன சட்டை போட்டு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். அணி வென்றிருந்தால் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டைகள் வகுப்பில் கூடுதலாகத் தென்பட்டன. தொலைபேசியில் கூப்பிட்டு ஆட்டத்தைப் பற்றி விசாரித்தபோது, வென்ற ஆட்டத்தைச் சொல்கையில் 'வீ' அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்துக்கு அது 'அவர்கள்' பக்கம் சாய்ந்தது. பிறர் புகழில் குளிர்காய்தல் என்று இதற்குப் பெயர் சூட்டினார்கள். குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளைப் பற்றி ஔவையார் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் அவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கணக்கெடுக்கவில்லையாதலால் அதை ஆய்வு என்று ஏற்பதற்கில்லை.

1998இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இன்னும் ஆழமாக, அதாவது வாய்க்குள்ளேயே போனது. ஜார்ஜியா மாநிலத்தின் இரு பல்கலைக்கழகங்கள் மோதிய கூடைப்பந்து ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆண் ரசிகர்களின் எச்சிலைச் சோதித்தார்கள். வென்ற பக்கத்து ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்ற பக்கத்தாருக்கு இறங்கியிருந்தது. ஓடியது எவனோ, சுரந்தது இவர்களுக்கு. இந்தச் சோதனையை லாரன்ஸிலும் செய்து பார்க்கும் எண்ணம் ஆய்வாளருக்கு இருந்தது. வீட்டுக்காரரிடம் எச்சில் கேட்பது குடியிருப்பவருக்கு அழகில்லை என்று கைவிடப்பட்டது.

ஆய்வுக்கு உட்பட்டவர்

ஆய்வுக்கு உட்பட்டவர் இனி 'ஆ.உ.' எனப்படுவார். ஓய்வுபெற்ற தபால்காரர். 1952 மார்ச் கடைசி வாரத்தில் பிறந்தவர். கேன்சஸ் பல்கலைக்கழக அணி செயின்ட் ஜான்ஸை 80-63 என்று வென்று முதல் தேசியப் போட்டிப் பட்டத்தைக் கைப்பற்றியதும் அதே வாரம்தான். தகப்பனார் பிரசவ அறைக்கு வெளியே ரேடியோவும் காதுமாக இருந்தார் என்பது குடும்ப வரலாறு. எந்தச் செய்திக்காக அவர் துள்ளினார் என்பதில் குடும்பத்தில் இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை.

ஆ.உ.வின் வாழ்நாளில் முதல் நினைவு 1957. கேன்சஸ் அணியில் ஏழடி தாண்டிய வில்ட் சேம்பர்லின் ஆடிய ஆண்டு. இறுதி ஆட்டத்தில் எதிரே நார்த் கரோலைனா. ஆட்டம் மூன்று முறை கூடுதல் நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், 54-53 என்று ஒரே புள்ளியில் தோல்வி. ஐந்து வயதுப் பையன் கண்டது இவ்வளவுதான்: அப்பா எழுந்தார், ரேடியோவை அணைத்தார், விளக்கை அணைத்தார், இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியத்தின் எழுவாய் 'வீ' என்று ஆ.உ. உறுதியாகச் சொல்கிறார். மொழி படிந்த இடம் அது.

தபால்காரர் சீருடையும் நீலம், அணியின் நிறத்திலும் நீலம் உண்டே என்று ஒருமுறை ஆய்வாளர் சொல்லிவிட்டார். அது வேறு நீலம் என்று விளக்குவதற்கு ஆ.உ. எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ ஓர் ஆட்டத்தின் முதல் பாதி.

இயல் ஒன்று: களம்

எந்தப் பக்தியையும் ஆராயுமுன் தலபுராணம் பார்ப்பது மரபு. இந்தத் தலத்துக்குப் புராணம் பலமாகவே இருக்கிறது. 1891 டிசம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் உள்ளேயே ஆடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று பீச் பழக் கூடையை உயரத்தில் மாட்டி, 13 விதிகள் எழுதி, கூடைப்பந்தை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவர் 1898இல் லாரன்ஸுக்கு வந்து, பல்கலைக்கழக அணியின் முதல் பயிற்றுநரானார். பிறகு அந்த ஊரிலேயே வாழ்ந்து, 1939இல் மறைந்து, அந்த ஊர் மண்ணிலேயே அடங்கினார். அவர் வகுத்த மூல விதிகள் 2010இல் ஏலத்துக்கு வந்தபோது பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் ஒருவர் 43 லட்சம் டாலருக்குமேல் கொடுத்து வாங்கினார். இரண்டு தாள்தான். இன்று அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன, ஏறத்தாழ மூலவர் போல.

இந்தப் புராணத்தில் நம் ஆய்வுக்கு உயிர்நாடியான செய்தி வேறு. நெய்ஸ்மித்தின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. கேன்சஸ் அணியின் பயிற்றுநர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் பெற்றவர் அவர் ஒருவரே. விளையாட்டைப் படைத்தவரே அதில் தேறவில்லை. ஆ.உ. இதைச் சொல்லும்போது வெட்கப்படுவதில்லை. குலதெய்வத்தின் குறும்பைச் சொல்வதுபோல் ஒரு பெருமிதம்தான் தெரியும்.

நெய்ஸ்மித்தின் மாணவர் ஃபாரஸ்ட் ஆலன், 39 பருவங்கள் பயிற்றுநராக இருந்தவர். 'ஃபாக்' என்பது அவர் பட்டப்பெயர். ஆங்கிலத்தில் மூடுபனிக்கும் அதே ஒலி. 1955 மார்ச் 1ஆம் தேதி திறந்த ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அவர் பேரில் நிற்கிறது. ஆய்வுக் காலத்தில் அது 16,300 பேரைக் கொண்டது. 1988இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளைக் கழற்றிக்கொண்டு வந்து, உள்ளே வருகிறவர் ஃபாக்குக்கு அஞ்சி நடக்க வேண்டும் என்று எழுதி உயரத்தில் தொங்கவிட்டார்கள். எல்லைச்சாமிக்கு முன்னால் இருக்கும் எச்சரிக்கைப் பலகைக்கு நிகரானது.

சடங்குகளுக்கும் குறைவில்லை. எதிரணியின் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும்போது மாணவர் கூட்டம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிரித்துப் படிக்கிற பாவனையில் நிற்கும். வந்தவனை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்று பொருள். தமிழ்நாட்டு அப்பாக்கள் பெற்ற பிள்ளைகளிடமே காலங்காலமாகக் கையாண்டு வரும் உத்தி இது. பிறகு அந்தத் தாளைக் கிழித்து வீசுவார்கள், அப்பாக்கள் அதுவரை போவதில்லை. வெற்றி கனிந்ததும் இரு கைகளையும் உயர்த்திப் பக்கவாட்டில் மெல்ல அசைப்பார்கள். கோதுமை வயலில் காற்று புகுந்ததாகக் கொள்ள வேண்டும். கேன்சஸ் கோதுமை விளையும் பூமி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு முழக்கம். 1886இல் பெய்லி என்ற வேதியியல் பேராசிரியர் அறிவியல் கழகத்துக்காக உண்டாக்கியது. பல்கலைக்கழகம் அமர்ந்திருக்கும் குன்றின் சுண்ணாம்புக்கல்லை நினைத்து, 'ராக் சாக்' என்ற சொற்கள் பிறகு அதில் ஏறின. ஆட்டம் கைக்குள் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு, அரங்கமே அதை இழுத்து இழுத்துப் பாடும். உள்ளூர்க்காரர் காதில் அது தாலாட்டு. எதிரணியின் காதில் ஒப்பாரி. ராகம் ஒன்றுதான்.

2017 பிப்ரவரி 13ஆம் தேதி வெஸ்ட் வர்ஜீனியாவுடன் ஆடியபோது இவ்வரங்கத்தின் இரைச்சல் 130.4 டெசிபல் என்று அளந்து கின்னஸ் சாதனையாகப் பதிந்தார்கள். அன்று ஆ.உ.வும் அரங்கில் இருந்தார். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த 4 தன்னுடையது என்பது அவர் உரிமைகோரல். ஒரு வாரம் அவருக்குக் குரல் வரவில்லை என்பதைத் துணைவியார் உறுதிப்படுத்தினார். அந்த வாரத்தை அவர் நன்றியோடு நினைவுகூர்ந்ததும் பதிவு செய்யத்தக்கது.

இயல் இரண்டு: படர்க்கை

'வீ' யார் என்று அறிய, 'அவர்கள்' யார் என்று முதலில் அறிவது நல்ல முறை. ஆ.உ.வின் அகராதியில் 'அவர்கள்' என்றால் எல்லைக்கு அப்பால் இருக்கும் மிசூரி. 1863 ஆகஸ்ட் 21ஆம் தேதி குவான்ட்ரில் என்பவனின் தலைமையில் மிசூரிப் பக்கமிருந்து வந்த குதிரைப்படை லாரன்ஸை எரித்து, 150 பேர் அளவில் கொன்றது. அடிமைமுறையை ஒட்டி எழுந்த பகை அது. கூடைப்பந்து பிறக்க அப்போது இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. எனினும் ஆ.உ. அதைப் பேசும் தொனியில், அன்றைக்கு நடுவர் சரியாக ஊதியிருந்தால் தடுத்திருக்கலாம் என்ற மனக்குறை ஒலிக்கும்.

மிசூரி வேறு கூட்டமைப்புக்குப் போனதால் 2012 பிப்ரவரிக்குப் பிறகு ஆண்டுதோறும் மோதுவது நின்றது. கடைசி ஆட்டத்தில் 19 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்த கேன்சஸ், கூடுதல் நேரத்தில் 87-86 என்று வென்றது. பிறகு 2021 வரை கணக்கில் வரும் ஆட்டமில்லை. அந்த ஆண்டுகளை ஆ.உ. விவரித்தபோது, பங்காளி ஊரைவிட்டே போய்விட்டால் வழக்கை யாரோடு நடத்துவது என்று ஆய்வாளரின் தாத்தா கவலைப்பட்டது நினைவுக்கு வந்தது.

இங்கே ஓர் இலக்கண நுணுக்கம். "கேன்சஸ் வென்றது" என்பது இடவாகுபெயர். ஊர் சிரித்தது என்றால் சிரித்தவர்கள் ஊரார். ஆனால் கேன்சஸ் வென்றது என்றால் வென்றவர்கள் கேன்சஸ்காரர்களா? சேம்பர்லின் பிலடெல்ஃபியா. ஒரு பருவம் ஆடிய ஆண்ட்ரூ விக்கின்ஸ் கனடா. அதே பருவத்தில் ஆடிய ஜோயல் எம்பீட் கேமரூன். 2022இல் பட்டம் வாங்கித் தந்த ஓச்சாய் அக்பாஜி படித்தது மிசூரிப் பக்கத்துப் பள்ளியில். இதைச் சுட்டிக்காட்டியபோது ஆ.உ. சிறிது யோசித்துவிட்டு, "தப்பித்து வந்துவிட்டான்" என்றார்.

முன்பெல்லாம் ஒரு பையன் நான்கு ஆண்டுகள் இருப்பான், முகம் பழகும். பிறகு ஓராண்டு ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் பெருகினார்கள். 2018இல் அணி மாறப் பெயர் பதிந்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. 2021 ஜூலை முதல் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் மாணவர்களுக்கு வழி திறந்தது. ஆண்டுதோறும் பாதி அணி புதிது. அப்படியென்றால் எழுபது ஆண்டுகளாக ஆ.உ. காதலிப்பது யாரை? தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதில் குழப்பமில்லை. துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் ஆண்டுக்கு ஆண்டு மாறுவார். விடியற்காலையில் களத்தில் விழுவது துரியோதனன்தான். அழுகிறவர்கள் துரியோதனனுக்காக அழுகிறார்கள், நடிகர் அடுத்த வேளைக்கு எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்பதில்லை. ஆ.உ. பற்றியிருப்பது வேஷத்தை. அந்த வேஷத்தின் சின்னமும் உலகில் இல்லாத ஒரு பறவை. ஜேஹாக் என்று பெயர். 1912இல் ஒரு மாணவர் வரைந்தபோது அதற்குக் காலணி மாட்டிவிட்டார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை வைத்து ஆயிரம் பாட்டுக் கட்டிய நாம், பூட்ஸ் போட்ட பறவையைப் பார்த்துச் சிரிப்பது முறையன்று.

இயல் மூன்று: முன்னிலை

ஆட்ட நேரத்தில் ஆ.உ. பேசுவது முழுவதும் முன்னிலையில். பந்தைப் பார்த்து "நில்" என்பார். நடுவரைப் பார்த்து அவருடைய கண் மருத்துவர் யார் என்று கேட்பார். 600 மைலுக்கு அப்பால் ஃப்ரீ த்ரோ போட நிற்கும் பையனிடம் முழங்காலை மடக்கச் சொல்வார். டிவியின் ஒலியை அடைத்துவிட்டு ரேடியோவை வைத்துக்கொள்வது அவர் வழக்கம். மேக்ஸ் ஃபால்கென்ஸ்டீன் என்ற வர்ணனையாளர் 1946 முதல் 2006 வரை 60 ஆண்டுகள் இந்த அணியின் ஆட்டங்களைச் சொன்னவர். அந்தக் குரலிலேயே வளர்ந்த காது, அவர் போன பின்னும் ரேடியோவை விடவில்லை. ஆனால் ரேடியோ டிவியைவிடச் சில நொடி முந்துகிறது. ஆகவே இந்த வீட்டில் இடி முன்னே, மின்னல் பின்னே. கூடை விழுந்துவிட்டது என்று கேட்டுத் துள்ளியவர், பந்து இன்னும் கையைவிட்டே போகாத திரையைப் பார்த்து "போடு!" என்று மன்றாடுவார். நடந்து முடிந்ததற்கு வேண்டிக்கொள்ளும் இந்த முறை வேறெந்தச் சமயத்திலும் காணப்படவில்லை.

இனி ஆசாரங்கள். சோபாவில் இடது ஓரம். இடது காலுறை முதலில். சில்லி என்னும் மாட்டிறைச்சி-பீன்ஸ் குழம்பு, அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை மணக்கும் இனிப்புச் சுருள் ரொட்டி. கேன்சஸ் பள்ளிக்கூட மதிய உணவில் வழிவழியாக வரும் ஜோடி இது. சாம்பாரில் ஜாங்கிரியை முக்குவதாக முதல் நாள் ஆய்வாளருக்குத் தோன்றியது. மூன்றாம் மாதத்திலிருந்து அப்படித் தோன்றவில்லை.

தலையாய ஆசாரம் சாம்பல் நிற ஸ்வெட்டர். கழுத்து நைந்து, முழங்கைத் துணி வழியே எதிரே இருப்பதைப் படிக்கலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அது தண்ணீர் காணக் கூடாது. 2010 மார்ச்சில் துணைவியார் நல்லெண்ணத்தில் அதைத் துவைத்துவிட்டார். அந்த வாரம் போட்டியின் முதலிடத் தகுதியோடு போன கேன்சஸ், நார்த்தர்ன் அயோவா என்ற சிறிய அணியிடம் 69-67 என்று விழுந்தது. துணைவியார் கேட்ட கேள்வி ஒன்று இன்றளவும் பதிலின்றி நிற்கிறது: "2005இல் பக்னெல்லிடம் தோற்றோமே, அப்போது நான் துவைக்கவில்லையே?"

உளவியலாளர் ஸ்கின்னர் 1948இல் எழுதிய கட்டுரையை இங்கே நினைக்கலாம். பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தானாக இரை விழும்படி வைத்தார். இரை விழுந்த நொடியில் தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்த புறா, சுற்றியதால்தான் விழுந்தது என்று மேலும் சுற்றியது. தலையை ஆட்டிய புறா ஆட்டிக்கொண்டே இருந்தது. இதை ஆ.உ.விடம் விளக்கியபோது முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே கேள்வி: "இரை விழுந்ததா, இல்லையா?"

இயல் நான்கு: தன்மை

இனி 'வீ'க்கு வருவோம். சியால்டினியின்படி, ரசிகர் வென்றால் 'வீ', தோற்றால் 'அவர்கள்' என்று சாய வேண்டும். நான்கு பருவங்களிலும் ஆ.உ. இதற்கு நேர்மாறாகவே நடந்தார். வென்ற மறுநாள் அவர் வாக்கியம்: "பையன்கள் ஜெயித்துவிட்டார்கள்." தோற்ற மறுநாள்: "வீ தோற்றோம்." மிக மோசமான தோல்வியென்றால் பன்மையும் சுருங்கி ஒருமையாகும்: "நான் அந்த நேரத்தில் எழுந்திருக்கக் கூடாது." குளத்தில் பறவையும் இருக்கிறது, கொட்டியும் ஆம்பலும் இருக்கின்றன. வற்றினால் பறவைக்குச் சிறகு. மற்றதற்கு வேர்.

இதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு 68 அணிகள் தேர்வாகின்றன. தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். ஆக 67 அணிகளின் பருவம் தோல்வியில்தான் முடியும். 1990 முதல் 2023 வரை, போட்டி நடந்த 33 ஆண்டுகளிலும் கேன்சஸ் களம் இறங்கியது. பட்டம் இரண்டு. மீதி 31 ஆண்டும் ஆ.உ.வின் குளிர்காலம் ஒரு தோல்வியோடு முடிந்தது. நாட்டிலேயே மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றைப் பிடித்துக்கொண்டவரின் கதியே இது. ஒருவர் வாழ்நாள் ரசிகராக இருப்பது என்றால், ஆண்டுக்கொருமுறை மார்ச்சில் முறையாகத் தோற்கப் பழகுவது என்று வரையறுக்கலாம்.

ஆய்வுக் காலத்து நான்கு பருவங்கள் பின்வருமாறு. 2020: 28 வெற்றி, 3 தோல்வி, நாட்டில் முதலிடம், கொரோனாவால் போட்டியே ரத்து. தோல்வியில் முடியாத அந்த ஆண்டில்தான் ஆ.உ. மிகவும் இளைத்துப்போனார். தோற்பதற்குக்கூட வாய்ப்பில்லாமல் போன துக்கத்துக்குச் சடங்கு எதுவும் இல்லை. 2021: சதர்ன் கலிஃபோர்னியாவிடம் 85-51. அன்று ஒருமை மட்டுமே பேசப்பட்டது.

2022 ஏப்ரல் 4. நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஆட்டம். எதிரே அதே நார்த் கரோலைனா. பாதி ஆட்டத்தில் 40-25 என்று கேன்சஸ் பின்தங்கி நின்றது. ஆ.உ. பேசவில்லை. விளக்கை அணைக்க எழுந்தவரைத் துணைவியார் கையைப் பிடித்து உட்கார்த்தினார். 1957 அறைக்குள் வந்து உட்கார்ந்திருப்பது ஆய்வாளருக்கே தெரிந்தது. துக்க வீட்டில் அந்நியன் எதற்கு என்று, ஊறவைத்த துணியைப் போடுகிற சாக்கில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, வாஷிங் மெஷினை முடுக்கினார் ஆய்வாளர்.

மேலே ஒரு மிதி. கூரைப் பலகை அதிர்ந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக. துணியை அப்படியே விட்டுவிட்டு ஆய்வாளர் படியேற, கதவு ஒரு விரற்கடை திறந்து ஆ.உ.வின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"நீ கீழே போனதிலிருந்துதான் விழுகிறது. அங்கேயே இரு."

"துணி முடிந்துவிட்டதே."

"மெஷின் நிற்கக் கூடாது."

ஆகவே, கல்லூரிக் கூடைப்பந்து இறுதி ஆட்ட வரலாற்றின் மிகப் பெரிய மீட்சியை, 16 புள்ளிவரை பின்தங்கி 72-69 என்று வென்றதை, ஆய்வாளர் பார்க்கவில்லை. பேஸ்மென்ட்டில் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, துணியில்லாத மெஷின் மீண்டும் மீண்டும் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஒன்றரை நிமிடத்தில் டேவிட் மெக்கார்மாக் போட்ட இரண்டு கூடைகளும் தலைக்கு மேல் இரண்டு இடியாக வந்து சேர்ந்தன. தாமாகச் சுற்றும் புறாக்களை ஸ்கின்னர் கண்டார். பிறரைச் சுற்றவைக்கும் புறாவை அவர் கண்டதில்லை.

கதவு திறந்தது. "பையன்கள் ஜெயித்துவிட்டார்கள்" என்றார் ஆ.உ. கண் கலங்கியிருந்தது. மேலே வரலாமா என்று கேட்டபோது சற்றுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அடுத்த ஆட்டம் நவம்பரில்தான். வா."

ஆய்வின் வரம்புகள்

ஓர் ஆளை வைத்து உலகத்தைச் சொல்லக் கூடாது என்பது முறையியல். மெஷின் ஓடாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒப்பீட்டுச் சோதனையும் இல்லை. ஆய்வாளர் நடுநிலை காத்தாரா என்ற வினாவுக்கு முடிவுரையைக் காண்க.

முடிவுரை

2023 மார்ச் 18. இரண்டாம் சுற்று. ஆர்க்கன்சா அணியோடு ஆட்டம், டி மாய்னில். போன ஆண்டு அனுபவப்படி ஆய்வாளர் தொடக்கத்திலேயே பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டார். யாரும் சொல்லவில்லை. வாளியைக் கவிழ்த்து, மெஷினை முடுக்கி உட்கார்ந்தார். பெரும்பகுதி நேரம் மிதிகள் நன்றாகவே விழுந்தன. பிறகு இடைவெளி கூடியது. கடைசியில் மெஷின் சத்தம் மட்டும் இருந்தது.

72-71. மறுபடியும் ஒரு புள்ளி.

படியில் காலடி. நான்கு ஆண்டில் முதன்முறையாக ஆ.உ. தாமே இறங்கி வந்தார். மூன்றாம் படியில், ஸ்வெட்டரின் முழங்கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். மெஷினை நிறுத்தினார்.

"வீ தோற்றோம்" என்றார். சற்றுப் பொறுத்து, "இடைவேளையில் வீ இடம் மாறியிருக்க வேண்டும். நான் கீழே, நீ மேலே."

இலக்கணச் சான்று இதைவிடத் தெளிவாகக் கிடைக்காது. அந்த அறையில் பேசியவர் ஒருவர், கேட்டவர் ஒருவர். மூன்றாமவர் இல்லை. இரண்டாவது 'வீ' ஐயத்துக்கு இடமின்றி 'நாம்'. எனவே முதலாவதும் அதுவே. வெற்றியில் நான்கு ஆண்டும் வாசலில் நின்றவரைத் தோல்வி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தது. ஆய்வுச் சிக்கல் இத்துடன் தீர்ந்தது என்று குறிப்பேட்டில் எழுதியாயிற்று.

எழுதி மூடும்போது கைபேசி ஒலித்தது. ஊரில் விடியற்காலை ஐந்து மணி. வாசல் தெளிக்கப் போகுமுன் அம்மா கூப்பிடும் நேரம்.

"ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தோத்துட்டோம்மா."

மறுமுனையில் பாத்திரம் ஏதோ விழுந்தது. "ஐயோ, கேஸா? தீர்ப்பு வந்துடுச்சா? வக்கீல் ஒண்ணும் சொல்லலையே!"

கேஸ் இல்லை என்று விளங்கவைக்கச் சிறிது நேரம் பிடித்தது. வாய்தா பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

"பின்ன யாருடா தோத்தது?"

படியில் ஆ.உ. இன்னும் உட்கார்ந்திருந்தார். 'தோத்துட்டோம்' என்பதில் 'நாம்' இல்லை, 'நாங்கள்' இல்லை. இரண்டுக்கும் விகுதி ஒன்றே, வினைமுற்று எவரையும் கணக்கெடுக்காது. எழுவாயைச் சொல்லும்படி அம்மா திரும்பக் கேட்டார். ஆய்வாளர் சொல்லவில்லை. இதற்கு இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று பெயர்.